பவுண்டரிப் பழக்கங்கள்: வேலை தேடும் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனியில் எங்கள் இன்வர்ட் இன்ஸ்பெக்ஷன் பிரிவையே, அதாவது வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவையே, எடுத்துவிட்டார்கள். இனி காஸ்டிங்கை (உருகிய இரும்பை மோல்டில், அதாவது அச்சில், ஊற்றி எடுக்கும் பாகம்) எல்லாம் சப்ளையரே சோதித்து ரிப்போர்ட்டோடு அனுப்பவேண்டுமாம். எங்கள் கணக்கு முடிந்தது.

ரெஸ்யூமைத் திருத்தி வேலைத் தளங்களில் ஏற்றியாயிற்று. அப்புறம் போனில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூடப் படித்தவர்களுக்கு என்னைத் தெரியும், என் வேலை தெரியாது. என் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் கோவையில் கணபதியிலும் அரசூரிலும் காஸ்டிங் ஊற்றுகிறவர்கள், டெஸ்டிங் லேபில் இருக்கிறவர்கள், ஜாப்வொர்க்குக்கு லேத் ஓட்டுகிறவர்கள். அவர்களிடமிருந்தே தொடங்கப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

பீளமேட்டில் லேப் அண்ணனைப் பார்த்தேன். பல வருஷமாக சாம்பிள் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிய பழக்கம். ஒரு டீ சேர்ந்து குடித்ததில்லை.

"ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்றால் "சொல்றேன் தம்பி" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் வேலை போனதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மறைத்துப் பேசி, கடைசியில் அதை எடுத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டு, இப்போது என்ன மாதிரி சாம்பிள் அதிகம் வருகிறது என்று கேட்டேன். எந்த பவுண்டரி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"எஸ்.ஜி. அயர்ன்தான் தம்பி. இத்தனை நாளா க்ரே அயர்ன் ஊத்தின கைங்க இதுக்கு மாறுறாங்க. நாடுலாரிட்டி நிக்க மாட்டேங்குது."

எஸ்.ஜி. அயர்னில் கிராஃபைட் உருண்டை உருண்டையாக இருக்கவேண்டும், க்ரே அயர்னில் அது செதிலாக இருக்கும். எத்தனை சதவீதம் உருண்டையாக நிற்கிறது என்பதுதான் நாடுலாரிட்டி. எனக்கு அடுத்த வேலை எங்கே இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தகவல் எந்த வேலைத் தளத்திலும் கிடைத்திருக்காது.

ஜூன் 8, ஞாயிறு

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தேன். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 56 சதவீதம், அபூர்வமாகப் பார்த்தவர்கள் 28 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவரிடம்தான் புதுத் தகவல் இருக்கும் என்பது அவர் வாதம்.

2022-ல் லிங்க்டினில் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு இதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொன்னது: கணினிமயமாகாத தொழில்களில் நெருங்கிய பழக்கமே அதிகம் உதவுகிறது. பவுண்டரித் தொழிலுக்கு அது பொருந்துகிறது என்று நினைக்கிறேன். உருகிய இரும்பின் பக்கத்தில் நிற்கப் போகிறவனை, கூட நின்று பார்த்த ஒருவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

ஜூன் 11, புதன்

அரசூர் பக்கம் ஒரு பவுண்டரி. அங்கே உள்ள சூப்பர்வைசர் அண்ணன் அனுப்பிய வால்வு பாடிகளை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட்டை மட்டும் அனுப்பியதில்லை. காஸ்டிங்கை அறுத்து, புளோ ஹோல் (வாயு அடைபட்ட ஓட்டை) இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோவோடு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"வாங்க சார். நீங்க அறுத்துக் குடுத்த பீஸ் இன்னும் ஆபீஸ்லதானுங்க இருக்குது. புதுப் பசங்களுக்கு அதைக் காட்டித்தானுங்க சொல்லிக் கொடுக்கறது" என்றார். மனசு நிறைந்துவிட்டது.

எஸ்.ஜி. ஹீட் ஒன்று, அதாவது ஒரு தடவை உருக்கும் இரும்பு, ஓடிக்கொண்டிருந்தது. கிராஃபைட்டை உருண்டையாக்கும் மெக்னீசியம் ட்ரீட்மென்ட் முடிந்து லேடில் (உருகிய இரும்பைச் சுமக்கும் கலம்) கிளம்பியதிலிருந்து வாட்ச்சைப் பார்த்தபடி கூடவே நடந்தேன். கடைசி மோல்டை ஊற்றும்போது பத்து நிமிஷம் தாண்டியிருந்தது. நேரம் போகப்போக மெக்னீசியம் குறைந்துகொண்டே வரும், கிராஃபைட் உருண்டையாக நிற்காது. அவர்களோ டெஸ்ட் பீஸை முதல் மோல்டோடு எடுக்கிறார்கள், ரிப்போர்ட் நன்றாகத்தானே வரும்! கடைசியில் ஊற்றும் இரும்பிலிருந்து எடுங்கள், லேடில் அளவையும் குறைத்துப் பாருங்கள் என்றேன். வேலை தேடுவதையும் சொன்னேன். ரெஸ்யூமைக் கையில் திணிக்கவில்லை. கேட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

பெரியப்பா ஒரு பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். என் வேலையைப் பார்க்காதவர் என்னைப் பற்றி என்ன எழுத முடியும்?

இரண்டொருவர் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

ஜூன் 19, வியாழன்

சூப்பர்வைசர் அண்ணன் கூப்பிட்டார். கடைசி மோல்டில் எடுத்த சாம்பிளில் நாடுலாரிட்டி 70 சதவீதம்தான் வந்ததாம். "முதலாளி உங்களைப் பார்க்கணும்ங்கறாருங்க. திங்கட்கிழமை வர முடியுங்களா?" வருகிறேன் என்றேன். சம்பளம் பற்றி இன்னும் பேச்சில்லை.

லேப் அண்ணனும் மாலையில் போன் செய்தார். குறிச்சி சிட்கோவில் ஒரு மெஷின் ஷாப்புக்கு சி.எம்.எம். (பாகங்களைத் துல்லியமாக அளக்கும் மெஷின்) ஓட்டத் தெரிந்த ஆள் உடனே வேண்டுமாம். எனக்கு அது அவ்வளவாக வராது. எங்கள் பிரிவில் இருந்த தம்பிக்கு நன்றாக வரும், அவனும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அவன் அளந்து கொடுத்ததில் எதை எதை நானே பார்த்திருக்கிறேன் என்று அண்ணனிடம் விவரமாகச் சொல்லி, நம்பரைக் கொடுத்தேன். நாளைக் காலையில் அவன் போய்ப் பார்க்கிறான்.