சாவி உள்ளே இருந்த பெட்டி

6 மே 2024, திங்கள்

கத்திரி தொடங்கி இன்று மூன்றாம் நாள். ராணிப்பேட்டையில் நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் காலை பத்தரை மணிக்கு மின்சாரம் போனது. வெயிலில் வெந்துபோயிருந்த யுபிஎஸ் பேட்டரிகள் நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஜெனரேட்டரை ஓட்டுகிறவர் வருவதற்குள் சர்வர் அணைந்துவிட்டது.

மின்சாரம் திரும்பியதும் சர்வர் எழுந்தது, ஆனால் அதற்குள் மென்பொருளால் உருவாக்கி, தனித்தனிக் கணினிகள் போல ஓடவிட்டிருக்கும் ஐந்து மெய்நிகர் கணினிகளில் ஒன்றும் எழவில்லை. அவற்றை எழுப்புவதற்கு நாங்கள் வைத்திருந்த மேலாண்மை நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்த நிரலுக்கென்றே நான் நிறுவியிருந்த விண்டோஸோ, அணைந்து கிடந்த அந்த ஐந்தில் ஒன்று. பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டு மூடியைச் சாத்தியவனின் கதிதான் எனக்கு. கட்டளை வழியாக நுழையும் வாசலையும் பாதுகாப்புக்கென்று நானே இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடைத்திருந்தேன். சர்வரோடு இணைந்த திரையிலிருந்து அதைத் திறந்திருக்கலாம் என்பது மாலையில் பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. கொள்முதல் பிரிவில் ஒரு மடிக்கணினியை இரவல் வாங்கி, நிரலின் பொருத்தமான பதிப்பைத் தேடி நிறுவி, எல்லாவற்றையும் எழுப்பி முடித்தபோது மணி ஒன்றே முக்கால். என்னுடைய சொந்த மடிக்கணினி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவதால், சர்வருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அது இன்று எதற்கும் பயன்படவில்லை.

8 மே, புதன்

முதலாளியிடம் இன்று பேசினேன். விண்டோஸ் இல்லாமலே சர்வரை நடத்தலாம் என்றதும், அப்படியானால் கணக்குப் பிரிவின் டேலி என்ன ஆகும் என்று கேட்டார். டேலியும் அதற்குரிய விண்டோஸும் ஒரு மெய்நிகர் கணினியாக அப்படியே இருக்கும். தாங்கி நிற்கும் தாய்க் கணினியும், அதை நான் இயக்கும் கணினியும் மட்டும் எவருடைய உரிமத்தையும் எதிர்பார்க்காதவையாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். வாடகைக்கு யார் வேண்டுமானாலும் குடியிருக்கட்டும், வாசல் சாவி நம் இடுப்பில் இருக்க வேண்டும் என்கிறீர்கள் என்றார். நான் கால் மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மெய்நிகர் கணினிகளை ஓட்ட நான் தேர்ந்தெடுத்தது கேவிஎம் என்ற லினக்ஸ் வசதி. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கருவின் (கெர்னலின்) 2.6.20ஆம் பதிப்பிலிருந்து அது கருவுக்குள்ளேயே இருக்கிறது. இன்டெல் செயலியில் விஎம்எக்ஸ் என்றோ ஏஎம்டி செயலியில் எஸ்விஎம் என்றோ, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் திறனைக் காட்டும் குறி இருந்தால் போதும். வட்டு, வலையட்டை போன்ற உறுப்புகளை மெய்நிகர் கணினிக்குக் க்யூஎமு என்ற நிரல் பாவித்துக் காட்டுகிறது. இவை இரண்டையும் சேர்த்து மேய்ப்பது லிப்விர்ட். டெபியனை அடித்தளமாகக் கொண்டு வியன்னாவில் உருவாகும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகர் மேலாண்மைத் தொகுப்பையும் எண்ணிப் பார்த்தேன். உலாவியிலேயே எல்லாம் நடந்துவிடும், மூன்று நான்கு தாய்க் கணினிகள் உள்ள இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். நமக்கிருப்பது ஒரு சர்வரும் ஒரு மாற்றுச் சர்வரும்தான்.

11 மே, சனி

மாற்றுச் சர்வரில் டெபியன் 12 நிறுவினேன். திருவலம் வழியாகப் போகும் முதல் பேருந்தைப் பிடித்ததால் எட்டரைக்கே தொடங்க முடிந்தது. மெய்நிகர் கணினிகள் அலுவலக வலையில் நேரடியாகச் சேர ஒரு பாலம் அமைக்க வேண்டும். அதை எஸ்எஸ்எச் என்ற தொலைக் கட்டளை இணைப்பு வழியாக இருந்த இடத்திலிருந்தே அமைக்கப் போய், அந்த இணைப்பையே அறுத்து, நான் அமர்ந்திருந்த கிளையையே வெட்டிக்கொண்டேன். சர்வர் அறைக்கு எழுந்து போக வேண்டியதாயிற்று.

மாலையில் என் மடிக்கணினியின் முனையத்திலிருந்து லிப்விர்ட்டின் விர்ஷ் கட்டளை அந்தச் சர்வரோடு பேசியது. அதே இணைப்பை விர்ட்-மேனேஜர் என்ற சாளர நிரலிலும் கொடுத்தால் மெய்நிகர் கணினியின் திரையே தெரிகிறது.

12 மே, ஞாயிறு

அலுவலகம் விடுமுறை என்பதால் இடமாற்றத்தை இன்று வைத்துக்கொண்டேன். பழைய சர்வரில் தேங்கியிருந்த ஸ்னாப்ஷாட்டுகளை (இடையிடையே பதிந்துவைத்த நிலைகளை) முதலில் ஒன்றாக்கி, ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் முறையாக அணைத்து, விஎம்டிகே என்ற பழைய வடிவிலிருந்த வட்டுக் கோப்புகளை நகலெடுத்து, க்யூஎமுவோடு வரும் மாற்றுக் கருவியால் அதற்குரிய க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்றினேன். லினக்ஸ் மூன்றும் உடனே எழுந்தன. வலையட்டையின் பெயர் புது இடத்தில் மாறிவிட்டதால் முகவரி கிடைக்காமல் நின்றன, பெயரைத் திருத்தியதும் சரியாயிற்று.

டேலி இருக்கும் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றது. அதன் வட்டை நான் விர்ட்ஐஓ வகையாகக் கொடுத்திருந்தேன். விர்ட்ஐஓ என்பது தான் மெய்நிகராக ஓடுவதை அறிந்த இயங்குதளத்துக்கென்று செய்த குறுக்குவழி. அதற்குரிய டிரைவர் லினக்ஸ் கருவிலேயே உண்டு, விண்டோஸில் கிடையாது. தன் வட்டையே படிக்க இயலாத இயங்குதளம் அந்த வட்டிலிருந்து டிரைவரை எப்படி எடுக்கும்? திங்கட்கிழமை நான் மாட்டிக்கொண்ட அதே பெட்டியும் சாவியும்தான். ஆனால் இங்கே வழி இருக்கிறது. முதன்மை வட்டை விண்டோஸுக்குத் தெரிந்த சாட்டா வகையாக மாற்றி விண்டோஸை எழுப்பி, விர்ட்ஐஓ வகையில் ஒரு ஜிபி அளவில் வெற்று வட்டு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து டிரைவரை நிறுவ வேண்டும். வெற்று வட்டை அடையாளம் கண்டுகொண்டுவிட்டால் டிரைவர் தொடக்கத்திலேயே ஏறும்படி பதிவாகிவிடும். பிறகு அணைத்து, முதன்மை வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் எழுந்துவிடும். எழுந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன முள் கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றை நான்கு மணிக்குச் சாப்பிட்டேன்.

13 மே, திங்கள்

கணக்குப் பிரிவு அக்கா பத்து மணி பத்து நிமிடத்துக்கு அழைத்து, சர்வரில் மணி நாலு நாற்பது என்று காட்டுவதாகவும், இராத்திரி முழுக்க வேலை பார்த்தீர்களா தம்பி என்றும் கேட்டார். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதால் காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. லிப்விர்ட் கொடுக்கும் வன்பொருள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த மெய்நிகர் கணினியின் அமைப்பு எழுதியிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் கடிகார வரியை உள்ளூர் நேரம் என்று ஒரு சொல் மாற்றி, மதிய உணவு இடைவேளையில் அணைத்து எழுப்பினேன்.

18 மே, சனி

அலுவலகத்தில் எனக்கு உதவியாக இருக்கும் தம்பிக்கு விர்ஷைச் சொல்லிக்கொடுத்தேன். டெஸ்ட்ராய் என்ற கட்டளையைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். அது எதையும் அழிக்காது, மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். கணினியைப் பட்டியலிலிருந்து நீக்கும் கட்டளையின் பெயரோ அன்டிஃபைன் என்று சாதுவாக இருக்கிறது. இந்தப் பெயர்களை வைத்தவர்மேல் எனக்குச் சிறிது கோபம் உண்டு.

ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் அமைப்பும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் உரையாக இருப்பதுதான் இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது. அவற்றை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்த்து, ஒரு படியை என் மடிக்கணினியிலும் இன்னொன்றைத் தம்பியின் பென்டிரைவிலும் வைத்தோம். போன திங்கட்கிழமை நான் மாற்றிய ஒரு சொல் யாரால், ஏன் மாறியது என்பது இனி அங்கேயே எழுதியிருக்கும்.

பேட்டரிகளைப் புதிதாக மாற்றியாயிற்று. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகி, அதைக் கண்காணிக்கும் நட் என்னும் நிரலை அமைத்ததால், சார்ஜ் குறைந்ததும் தாய்க் கணினி தானே அணையத் தொடங்கும். அணைவதற்கு முன் மெய்நிகர் கணினிகளை முறையாக மூடச் சொல்ல லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் எழ பயாஸில் ஓர் அமைப்பு, மெய்நிகர் கணினிகள் தாமே எழ ஆட்டோஸ்டார்ட். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி இருமுறை சோதித்தோம். முதல் முறை விண்டோஸ் அணையச் சொன்ன குறிப்பைக் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸுக்குள் க்யூஎமுவின் முகவர் நிரலை நிறுவியபின் இரண்டாம் முறை கீழ்ப்படிந்தது.

25 மே, சனி

உறவினர் திருமணத்துக்காகக் குடியாத்தத்தில் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் தம்பி அழைத்து, மின்சாரம் போய் நாற்பது நிமிடம் ஆகிறது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை, எல்லாம் தாமாக அணைந்துவிட்டன, இப்போது என்ன செய்யட்டும் அண்ணா என்றான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். பாயசம் வருவதற்குள் மறுபடி அழைத்து, நான்கும் எழுந்துவிட்டன என்று பட்டியலைப் படித்துக் காட்டினான்.

27 மே, திங்கள்

பழைய சர்வரையும் இன்று துடைத்து டெபியன் நிறுவினேன். மேலாண்மைக்கென்று வைத்திருந்த அந்த ஐந்தாவது விண்டோஸை எங்கும் மாற்றவில்லை. அது பிடித்திருந்த 60 ஜிபி இடத்தில் இன்றிரவிலிருந்து டேலியின் காப்புப் படிகள் இறங்குகின்றன.