ஒலி உருவாக்கம் பழக: ஆயத்த ஒலிகளை மூடிவைத்துவிட்டு

டிஜிட்டல் ஒலி கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். என்னைக் கேட்டால், முதல் சில வாரங்களுக்கு ஆடாசிட்டி போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முக்கியமாக, கவனத்தைச் சிதறடிக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை. பெரிய மென்பொருள்களில் நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும். அதைக் கற்பது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஹெட்ஃபோன் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பது, 44100 என்று இருக்கட்டும். ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் திறந்து, 440 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலை உருவாக்குங்கள். சப்பென்றுதான் இருக்கும். அடுத்து அதே 440-இல் சாடூத் அலை. சுருதி மாறவில்லை, ஆனால் ஒலியில் ஒரு கூர்மை வந்துவிடும். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்: 440-உடன் 880, 1320, 1760 என மடங்குகள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். அதனால்தான் அது கிளாரினெட் போல உள்ளீடற்று ஒலிக்கிறது. பாடப்புத்தகத்தில் 'ஒலிப்பண்பு' என்று படித்துவிட்டு மறந்தது இதைத்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. 3000 ஹெர்ட்ஸில் ஸ்கொயர் அலை ஒன்றும், பக்கத்திலேயே 'ஸ்கொயர், நோ அலியாஸ்' ஒன்றும் உருவாக்கி மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதலாவதில் நீங்கள் கேட்காத ஒரு கீழ்ச்சுருதி முனகும். 3000-இன் 15ஆம் மடங்கு 45000. நொடிக்கு 44100 சாம்பிள் எடுக்கும்போது 22050-க்கு மேற்பட்ட எந்த அதிர்வெண்ணுக்கும் இடமில்லை. அது மடங்கித் திரும்பி 900 ஹெர்ட்ஸாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்ற மடங்குகளும் இதே போலக் கண்ட இடத்தில் விழும். அலியாசிங் எனப்படும் இந்த மடங்கல் பற்றி எத்தனை விளக்கம் படித்தாலும், இப்படி ஒரு தடவை காதால் கேட்பதற்கு ஈடாகாது.

அடுத்து எழுச்சியும் அடங்கலும், அதாவது என்வலப். ஜெனரேட் மெனுவில் சர்ப் இருக்கிறது: சுருதியும் அளவும் மாறிக்கொண்டே போகும் ஒலி. சைன் அலை, தொடக்கம் 150 ஹெர்ட்ஸ், முடிவு 50. ஒலி அளவு 0.8-இலிருந்து 0 வரை; நேரம் 0.3 நொடி. ஓட்டினால் கிக் டிரம்! (லேப்டாப் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸை எதிர்பார்க்காதீர்கள், ஹெட்ஃபோன் கட்டாயம்.) வெள்ளை இரைச்சலை (எல்லா அதிர்வெண்களும் கலந்த 'ஸ்ஸ்' சத்தம்) 0.1 நொடிக்கு உருவாக்கி ஃபேட் அவுட் கொடுத்தால் ஹை-ஹேட் தாளத்தட்டு மாதிரி ஒன்று கிடைக்கும். பதிவான ஒலித்துண்டு எதையும் இறக்காமலே தாளம் தயார்.

துண்டுகளை வெட்டி ஒட்டும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால், அலை நடுவழியில் அறுபட்டிருக்கிறது என்று பொருள். வெட்டும் முன் இசட் விசையைத் தட்டினால் தேர்ந்தெடுத்த பகுதியின் எல்லைகள் அலை சுழியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். பல டிராக்குகளைச் சேர்க்கும்போது மொத்தம் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தாண்டினால் அலையின் முனை நறுக்குண்டு கரகரக்கும். உச்சத்தை -6 பக்கம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இதெல்லாம் கைக்கு வந்தபின் சர்ஜ் எக்ஸ்டி போன்ற ஓர் இலவச சிந்தசைசருக்கு (ஒலியை உருவாக்கி விசைகளால் வாசிக்க உதவும் மென்பொருள்) போகலாம். அங்கும் வெற்று ஒலியிலிருந்தே தொடங்குங்கள்: அலையை உருவாக்கும் ஒரு ஆஸிலேட்டர், உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஒரு என்வலப். என்வலப்பில் அட்டாக் (எழும்புவது), டிகே (முதலில் தணிவது), ரிலீஸ் (விசையை விட்டபின் அடங்குவது) மூன்றும் நேரத்தைக் குறிப்பவை. சஸ்டெய்ன் மட்டும், விசையைப் பிடித்திருக்கும்போது ஒலி நிற்கும் அளவைக் குறிப்பது. சஸ்டெய்னைக் கூட்டினால் ஒலி நீளும் என்று நினைத்துத் திருகுகிறவர்கள் ஏராளம். நீள வேண்டுமானால் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் ரிலீஸைக் கூட்ட வேண்டும்.

விசையைத் தட்டிச் சற்றுத் தாமதமாக ஒலி வந்தால் பஃபர் அளவைப் பாருங்கள்; கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை அது. 512 சாம்பிள் என்றால் அதிலேயே சுமார் 12 மில்லிவினாடி போகிறது. 128-க்கு இறக்கிப் பாருங்கள். கணினி திணறி ஒலி விட்டுவிட்டு வந்தால் 256.