வேல் முத்திரைக் கத்திக்கு டிரேட்மார்க் எடுத்தபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தாத்தா காலத்திலிருந்து கத்தி அலகில் அடித்துவரும் வேல் முத்திரையைப் போன வருடம்தான் பதிவுக்குக் கொடுத்தோம். கம்பெனிகளையும் டிரேட்மார்க்குகளையும் பதியும் அரசு அலுவலகமான, பிரிட்டோரியாவிலுள்ள சிஐபிசி-யில் எல்லாம் ஆன்லைன். கஸ்டமர் கோட் எடுத்து, கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டுவைக்க வேண்டும். சரக்குகளை எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு விண்ணப்பத்தில் ஒரு வகுப்புதான். நாங்கள் கட்டியது வகுப்புக்கு 590 ராண்ட்.

வகுப்பு தப்பினால் பணம் போச்சு. கைக்கத்தி, கரண்டி, கத்தரிக்கோல், சாணைக்கல் எல்லாம் 8. வெட்டுப்பலகையும் கத்தி செருகிவைக்கும் கட்டையும் 21. மின்சாரக் கத்தியோ 7. கத்தி மட்டும் விற்பவர் 21-க்குக் கட்டுவது வீண்.

பழைய அச்சில் வேலுக்குக் கீழே ‘ஷெஃபீல்ட் ஸ்டீல்’ என்று இருந்தது. ஊர்ப்பெயரையும் உலோகத்தின் பெயரையும் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை நீக்கிவிட்டு, வேல் படமும் தமிழ் எழுத்தில் பெயரும் மட்டும் கொடுத்தோம். தமிழ் எழுத்து இருந்தால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொண்டோம்: பழைய பில்களில் ஒன்றில் ஒற்றை எல், இன்னொன்றில் இரட்டை எல். நம் ஆட்கள் சொந்தப் பெயரையே நாலு விதமாக எழுதுகிறவர்கள், கடைப் பெயரை விடுவார்களா! ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

பரம்பரைப் பெயர் என்பதற்காக உரிமை தானாக வந்துவிடாது. ஒகாபி மடக்குக் கத்தி 1902-இல் ஜெர்மனியின் சோலிங்கனில் தொடங்கியது. 1988-இல் ஒரு தென்னாப்பிரிக்கக் கம்பெனி பெயரையும் கருவிகளையும் விலைக்கு வாங்கித்தான் இங்கே செய்ய ஆரம்பித்தது. குடும்பக் கடையிலும் அப்படித்தான்: தாத்தாவிடமிருந்து கம்பெனிக்கு உரிமை வந்ததற்கு, கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும். அவர் காலமாகிவிட்டால் சொத்து நிர்வாகி போட வேண்டும். தேதியுள்ள பில், பழைய விளம்பரம், அலகின் கிட்டப்படம், எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கிவையுங்கள்.

பரிசீலனை முடிந்ததும் சிஐபிசி வெளியிடும் பேட்டன்ட் ஜர்னலில் விளம்பரம் வரும். எதிர்ப்புச் சொல்ல 3 மாத அவகாசம். பதிவு 10 வருடத்துக்கு. தொடர்ந்து 5 வருடம் பயன்படுத்தாமல் போட்டால், அக்கறையுள்ள எவரும் நீக்கக் கேட்கலாம். அதனால் மெதுவாக விற்கும் ரகத்துக்கும் வருடத்துக்கு ஒரு பில்லாவது கோப்பில் இருக்கட்டும்.

புது அச்சு செய்யக் கொடுக்கும்போது, வட்டத்துக்குள் ஆர் போடச் சொல்லிவிடாதீர்கள். பதிவாகாத முத்திரையில் அது குற்றம். சான்றிதழ் கைக்கு வரும்வரை, டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான டிஎம் போதும்.