ஆறாவது கட்டம்

தலைமுடியைத் தாங்களே பிடுங்கும் பழக்கத்தை விட வருபவர்களுக்காக ஒரு குழு நடத்துகிறேன். அங்கே ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்ட கேள்வியை நான் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக்கூடாது என்பதுதான் குழுவின் முதல் விதி.

பிடுங்குவதை அன்றன்று குறித்துவைக்கும் தாளில் ஆறு கட்டம்: நேரம், இடம், எந்தக் கை, அதற்கு முன் என்ன மனநிலை, எத்தனை முடி, பிடுங்கிய முடியை என்ன செய்தீர்கள். முதல் ஐந்தையும் மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். டிவி பார்க்கையில் கை தானாகத் தலைக்குப் போவது ஒரு வகை. கண்ணாடி முன் நின்று, சொரசொரப்பான முடியாகத் தேடிப் பிடுங்குவது இன்னொரு வகை. முதல் வகைக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி ஒட்டினாலே கை போவது உறைக்கும். மற்றதற்கு ட்வீசரைத் தூக்கிப் போட்டுவிட்டு, குளியலறை விளக்கை மங்கலாக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக, உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் 1973-இல் எழுதிய முறை: கை கிளம்பியதுமே முஷ்டியை இறுக்கி மூன்று நிமிடம் வைத்திருப்பது. பலரும் பிடுங்கி முடித்த பிறகுதான் முஷ்டி பிடிப்பார்கள். பிறகு, பலனில்லை என்பார்கள்.

ஆறாவதில் பேனா நின்றுவிடும். வேரை உதட்டில் உரசுவது, கடிப்பது, விழுங்குவது. முடி செரிக்காது. இரைப்பை மடிப்புகளில் சிக்கி, சளியோடு திரண்டு பந்தாகும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது, வாந்தி வருகிறது என்று சொல்லும் கட்டத்தில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். அதனால் கேட்காமல் விட முடியாது. சேரும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டிருந்தேன். எல்லோரும் ‘இல்லை’ என்றார்கள்.

நான்காவது வாரம் ஒருவர் அதை மட்டும் காலியாக விட்டிருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த கல்லூரிப் பெண் குனிந்து பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்: “அக்கா, நீங்களும் வாயில வைப்பீங்களா?”

“அதைத் தனியாப் பேசிக்கலாம்மா” என்றேன்.

அக்கா தாளை நான்காக மடித்துக்கொண்டார். அவரைக் காப்பாற்றியதாகவே நினைத்தேன். இப்போதும் அந்த விதியை மாற்ற மாட்டேன். ஆனால் அந்த ‘உம்’ வெகுநேரம் கழித்துத்தான் காதில் விழுந்தது. ‘நீங்களும்’ என்றாள். எட்டிப் பார்த்ததாக நான் எடுத்துக்கொண்டது, தன்னைப் பற்றி அவள் சொல்ல வந்ததாக இருக்கலாம். இதற்காகத்தானே இவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறோம்? அல்லது வேறு யாரையாவது நினைத்துக் கேட்டிருப்பாளோ. ஸ்கேன் எடுக்கச் சொல்ல ஒரு ‘உம்’ போதுமா?

அடுத்த வாரம் தனியே அழைத்துக் கேட்டேன். “சும்மா கேட்டேன் மேடம், நானெல்லாம் இல்ல.” அவள் தாளில் ஏழு நாளும், ஆறாவது கட்டம் மட்டும் ஒரே மையில் இருந்தது: குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி.