முக்காலே அரைக்கால்

ஜூன் 4, புதன்
இன்றும் தகவல் இல்லை. ஒன்பது கட்டம் வரைந்து வைத்திருக்கிறேன். ஓஹயோ ஸ்டார், ஒட்டுத்துணிப் போர்வையில் தைக்கிற ஒரு நட்சத்திர வடிவம். நாலு மூலையிலும் நடுவிலும் வெறும் சதுரம், மீதி நாலு கட்டத்தில் முக்கோணங்கள். தைத்து முடித்தால் 12 அங்குலம். ஆரம்பிக்க இதைவிடச் சுலபமானது இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் எதைத்தான் சுலபம் என்று சொல்லவில்லை.

ஜூன் 5
கத்தரிக்குச் சாணை பிடிக்க வேண்டும்.

ஜூன் 6
தூக்கம் வரவில்லை, அதனால் கணக்கு. ஒரு கட்டம் 4 அங்குலம். சதுரமென்றால் பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்கு விட்டு 4½ அங்குலத்துக்கு வெட்டிவிடலாம், அதில் குழப்பமில்லை. ஆனால் சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கினால் அரை அங்குலம் போதாது, முக்காலே அரைக்கால் கூட்ட வேண்டும். இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நாலாக்கினால் ஒன்றேகால். எங்கே பார்த்தாலும் இதை மந்திரம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லக் காணோம்.

வரைந்து பார்த்தால் தெரிகிறது. 45 டிகிரி முனையில் தையல் கோடு கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓடும்போது, முனை அதைவிட நிறையவே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 2-உடன் இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டி நாலால் வகுத்தால் 0.853. டேப்பில் அப்படி ஒரு கோடு கிடையாது, ஆகவே 0.875 என்று வைத்துக்கொண்டார்கள். நாலாக வெட்டும்போது வருவது 1.207, அதை 1.25 ஆக்கிவிட்டார்கள். ஆக எனக்கு வேண்டியது 5¼ அங்குலச் சதுரங்கள். அடர் நிறத்தில் 2, வெளிர் நிறத்தில் 2, மொத்தம் 16 முக்கோணம்.

மணி இரண்டரை. விடை வருகிற கணக்கு ஒன்றாவது இந்த வீட்டில் இருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு
அடர் நிறத்துக்கு எதற்கு அலைகிறாய், என் நீலச் சட்டையை வெட்டு என்கிறார். "நான் அதைப் போட்டுக்கிட்டு இப்ப எங்க போகப் போறேன்?"

எழுந்து வந்துவிட்டேன். பழைய தலையணை உறை கருஞ்சிவப்பில் இருக்கிறது. அது போதும்.

ஜூன் 9
போன் அடித்தது. ராங் நம்பர்.

ஜூன் 11
வெட்டியாயிற்று. நாலாக வெட்டச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இரண்டாக மட்டும் வெட்டினால் முக்கோணத்தின் நீளமான பக்கம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும், தொட்டாலே நீளும். நாலாக வெட்டினால் அந்தப் பக்கம் நேர் இழையில் நிற்கும். கட்டத்தின் வெளி ஓரம் அதுதான் என்பதால் கட்டம் இழுபடாது. கிராஸ் பக்கங்கள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டு உள்ளே அடங்கிவிடும். யார் யோசித்தார்களோ, கும்பிடலாம். இஸ்திரிப் பெட்டியையும் இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும்.

அண்ணி கூப்பிட்டார்கள். வந்துச்சா? வரலை அண்ணி. என்ன பண்ற? தைக்கிறேன். இப்பவா?

ஆமாம், இப்போதுதான். வேறு எப்போது.

ஜூன் 12
கீஸ் பெண்ட் போர்வைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் பிய்ந்த வேலைத் துணிகளையெல்லாம் வெட்டிப் போர்வையாகத் தைத்தார்கள். 2002-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள், 2006-இல் தபால்தலையாகக்கூட வந்தன. கோடுகள் கோணலாகத்தான் போகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. என் முக்காலே அரைக்காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்புறம் அந்த ஊர்ப் பெண் மிசூரி பெட்வே 1942-இல் தைத்தது வந்தது. கணவர் இறந்தபின் அவருடைய வேலைத் துணிகளை வெட்டித் தைத்ததாம்.

மூடிவிட்டேன்.

நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு, அவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு வெளியே போவதற்கான சட்டை அது.

ஜூன் 14
முடியவில்லை அவருக்கு. மெஷினைத் தொடவில்லை.

ஜூன் 15
வந்துவிட்டது! நாலு முக்கோணமும் நடுவில் ஒரே புள்ளியில் சேர்ந்து நிற்கின்றன. முதலில் இரண்டிரண்டாகத் தைத்து, தையல் விளிம்பை அடர் நிறப் பக்கம் சாய்த்துத் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு பாதியையும் முகத்தோடு முகம் வைத்தால், உள்ளே மடிப்புகள் எதிரெதிராகப் படுத்து ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. கட்டைவிரலால் தடவினாலே அந்த இடம் தெரிகிறது. அங்கே ஒரு குண்டூசி. அவ்வளவுதான்.

அவரை எழுப்பிக் காட்டினேன். "ரொம்ப அழகா இருக்கு. என் கண்ணாடி எங்க?" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்
கால் அங்குலம் என்பதும் முழுசாகக் கால் அங்குலம் இல்லை. ஒரு நூலிழை அளவு குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். மடித்துத் தேய்க்கும்போது துணியின் கனம் கொஞ்சத்தை விழுங்கிவிடும். பக்கத்துக்கு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடினால் தையலுக்கு அரைக்கால் போச்சு. வரிசைக்கு இரண்டு தையல், ஆக கால் அங்குலம். நட்சத்திரத்தின் முனை மழுங்கிப்போகும்.

காலையில் போன் வந்தது. வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்கிறார்கள்.

நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்களே. இல்லை, எல்லோரையும்தான் நேரில் வரச் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீசம்கூடத் தெரியவில்லை. "ரெண்டு பேருமா வாங்க" என்றாளா, "ரெண்டு பேரும் வரலாம்" என்றாளா? அவரிடம் கேட்டால், போனை எடுத்தது நீதானே என்கிறார்.

ஜூன் 18
மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஆயிற்று. நடுச் சதுரம்தான் பாக்கி. உறைத் துணி தீரப்போகிறது, வெளிர் நிறத்தை வைத்தால் பல்லிளிக்கிறது.

ஜூன் 19
நான் குளித்துவிட்டு வருவதற்குள் வெட்டிவிட்டார். நீலச் சட்டையில், முதுகுப் பக்கம் கீழே, பேன்ட்டுக்குள் போகிற இடத்தில். "டக் இன் பண்ணிக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது? நாளைக்கு இதைத்தான் போட்டுக்கிட்டு வரேன்."

என்ன சத்தம் போட்டேன் என்று நினைவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நேர் இழை பார்க்கவே இல்லை. ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 3¾. எனக்கு வேண்டியது 4½. நேராக்கி 3½-க்கு வெட்டிக்கொண்டு, சுற்றிலும் கருஞ்சிவப்பில் 1 அங்குலப் பட்டி வைத்தால் அளவு வந்துவிடும். பட்டி இரண்டு 3½ நீளம், இரண்டு 4½. உறையில் அவ்வளவு மிச்சம் இருக்கும். பாபினில்தான் நூல் இல்லை.