சிரிப்பு வாயுவும் வலி மாத்திரையும்

நேற்று சாயங்காலம் சத்துவாச்சாரியில் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். துவைக்க எடுத்த மகனின் பேன்ட் பையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிநிறக் குப்பி, கூடவே பாதி காலியான டிராமடால் வலி மாத்திரை அட்டை. "கேஸ்தானே தம்பி, பல் டாக்டரே கொடுக்கிறாராமே?"

கிரீம் நுரைக்க வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு அது, சிரிப்பு வாயு என்பார்கள். பதினோரு வருஷமாக மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன், அந்த வாயு எனக்குத் தெரியும். நாங்கள் அதைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. குறைந்தது 30 சதவீதம் ஆக்சிஜன் கலந்து, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டி, பக்கத்திலேயே நிற்போம். குப்பி வாயுவைப் பலூனில் அடைத்து இழுக்கும் பிள்ளைக்கு அந்த மூச்சில் ஆக்சிஜனே கிடையாது.

டிராமடால், டபென்டடால் எல்லாம் ஒபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வலி மருந்துகள். மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியையே மந்தமாக்கும். அதன் மேல் இந்த வாயுவும் சேர்ந்தால் மயக்கம் ஆழமாகிவிடும். ஆக்சிஜன் குறைந்தாலும் உடம்பு வேகமாக மூச்சு வாங்காது. வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், இருமித் தள்ளவும் தெம்பிருக்காது. நலோக்சோன் ஊசி ஒபியாய்டைத்தான் முறிக்கும், வாயுவை அல்ல. அடிக்கடி வாயுவை இழுத்தால் பி12 வைட்டமின் செயலிழந்து கால் மரத்துப்போவது தனிக் கதை.

ஆள் எழும்பாமல் குறட்டை மாதிரி மூச்சு, நீலம் பாய்ந்த உதடு என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108 கூப்பிடுங்கள். போலீஸ் வருமோ என்று யோசிக்காதீர்கள்.

ராத்திரி பையன் வந்தான். திட்டவில்லை, உட்கார வைத்துப் பேசினோம். மாத்திரை முதுகுவலிக்கு ஆரம்பித்ததாம். நாளை டாக்டரிடம் போகிறோம். குப்பியைப் பற்றி நானே சொல்கிறேன் அண்ணா என்றான்.