பழைய டர்போ கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஈசியூவைக் கடைசியில் பாருங்கள்

பழைய டர்போ காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனால், பொனட்டைத் திறப்பதற்கு முன்பே "ஈசியூ போயிருக்கும் தம்பி" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. ஈசியூ என்பது எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி. அப்புறம் கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி இன்னொரு ஈசியூ வாங்கி மாட்டினாலும் கார் அதே இடத்தில்தான் நிற்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் நம் ரோடுகளில் ஓடிய முப்பது வயதுக் கார்களில் எத்தனை கைகள் வயரை வெட்டி ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தக் கார்களில் கோளாறு பெரும்பாலும் மின்சாரம் போய்ச் சேராத இடத்தில்தான் இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை. சாமான் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டர்போ, ஈபி82, 1331 சிசி 4ஈ-எஃப்டிஈ எஞ்சின். ஹட்டனில் வைத்து ஓட்டுகிறேன். கீழே சொல்வது அதே காலத்து மற்ற ஜப்பான் டர்போக்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், வயர் நிறமும் கனெக்டர் இருக்கும் இடமும் மாறலாம்.

முதலில் தெரிய வேண்டியது, சாவியைத் திருப்பினால் செல்ப், அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டர், அடிக்கிறதா இல்லையா. இரண்டும் வேறு வேறு நோய்.

ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் பெட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பெட்டரி, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரியைச் சந்தேகிக்கலாம். நுவரெலியா பக்கம் ஜனவரி விடியலில் எந்தப் பெட்டரிக்கும் பலம் குறையும், எண்ணெயும் தடிக்கும், எனவே கொழும்பில் சமாளித்த பெட்டரி இங்கே படுத்துவிடலாம். ஆனால் சாவியைத் திருப்பியும் செல்ப் சுற்றாமல், அந்த நேரத்திலும் பெட்டரி 11, 12 வோல்ட்டிலேயே நிற்கிறது என்றால் அதன்மேல் குற்றமில்லை, கரண்ட் வழியில் எங்கோ அடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவ் தலையிலும் மற்றதை எஞ்சின் பிளொக்கிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிள்தான் கள்ளன். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உறைக்குள் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும், இங்குள்ள பனியும் மழையும் அப்படி. பொசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பெட்டரித் தலைக்கும் செல்ப் மோட்டரின் தடித்த டேர்மினலுக்கும் இடையில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் 'டக்' மட்டும் கேட்டால், செல்ப் மோட்டரின் மேல் உள்ள மின்காந்த சுவிட்சான சொலினொயிடுக்குள் இருக்கும் செம்புக் கொன்டக்ட் தேய்ந்திருக்கும். டென்சோ மோட்டர்களில் இது சாதாரணமான தேய்மானம். கொன்டக்டை மட்டும் மாற்றலாம், முழு மோட்டர் வேண்டியதில்லை.

செல்ப் நன்றாக அடித்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். சாவியை ஓன் நிலையில் வைத்து டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பல்ப் நல்லதாக இருந்தும் எரியவில்லை என்றால் ஈசியூவுக்குக் கரண்டே போகவில்லை, அதாவது ஈஎஃப்ஐ (பெற்றோல் இன்ஜெக்‌ஷன்) பியூஸ், மெயின் ரிலே, அல்லது இக்னிஷன் சுவிட்ச். எரிகிறது என்றால், பொனட்டுக்குள் இருக்கும் டயக்னொசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் சேர்த்துவிட்டு லைட் சிமிட்டுவதை எண்ணுங்கள். நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோளாறு கோட் எதுவும் இல்லை. ஒரு தடவை சிமிட்டி, சற்று நின்று, இரண்டு தடவை சிமிட்டினால் அது 12. 12 வந்தால் எஞ்சின் சுற்றுகிற சிக்னல் ஈசியூவுக்கு வரவில்லை, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் சென்சரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். 14 வந்தால் கொயிலை இயக்கும் இக்னைட்டர் பக்கம். இதைப் படிக்கும் வரைக்கும் தயவுசெய்து பெட்டரி டேர்மினலைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினால் சேர்த்து வைத்த கோட் எல்லாம் அழிந்துவிடும், பல கராஜ்களில் முதல் வேலையாகச் செய்வதே அதைத்தான்.

அதே பெட்டியில் +பி, எஃப்பி இரண்டையும் சேர்த்து சாவியை ஓன் பண்ணினால் பெற்றோல் பம்ப் ஓட வேண்டும். காதைப் பின் சீட் பக்கம் வைத்துக் கேளுங்கள். இப்படிச் செய்தால் ஓடுகிறது, சாவியைத் திருப்பினால் மட்டும் ஓடவில்லை என்றால் பம்புக்குக் கரண்ட் விடும் சேர்கிட் ஓப்பனிங் ரிலேயையும் அதற்குப் போகும் வயரையும் பாருங்கள். இந்த ரிலே இரண்டு வழியில் இயங்குகிறது. செல்ப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் வயரிலிருந்து, எஞ்சின் பிடித்த பிறகு ஈசியூவிலிருந்து. அதனால் எஞ்சின் பிடித்து, சாவியை விட்ட உடனே செத்துவிடுகிறது என்றால் இரண்டாவது வழி அறுந்திருக்கிறது, அல்லது இக்னிஷன் சுவிட்ச் ஓன் நிலையில் கொன்டக்ட் தரவில்லை. இந்த ஒரு அறிகுறியை மட்டும் தெரிந்து வைத்திருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே வியர்த்திருக்கிறதா பாருங்கள். இந்த ஸ்டார்லட்டில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால் பொனட் ஸ்கூப் வழியாக மழை நேராக உள்ளே வருகிறது. பிளக் வயர் பழசாக இருந்தால் இருட்டில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள், நீல நிறத்தில் பொறி கசியும். டர்போ எஞ்சினில் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும்போது பிளக்கில் பொறி தாண்டக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும், ஆகவே பலவீனமான கொயில், வயர் எல்லாம் மற்றக் கார்களைவிட இதில் முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கும்.

குளிர் காலையில் மட்டும் அடம் பிடித்தால் தண்ணீர் வெப்பநிலை சென்சர். டொயோட்டாவில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம் காட்ட வேண்டும், நம் ஊர் காலையில் அதைவிடக் கூட. குறைவாகக் காட்டினால் எஞ்சின் சூடாக இருக்கிறது என்று ஈசியூ நம்பி பெற்றோலைக் குறைத்துவிடும். மாறாக பிளக் எல்லாம் நனைந்து கறுப்புப் புகை வந்தால், எஞ்சின் இழுக்கும் காற்றின் அமுக்கத்தை அளக்கும் மேப் சென்சருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் கழன்றோ வெடித்தோ இருக்கிறதா பாருங்கள். டர்போ சூட்டில் அது காய்ந்து போகும். அந்தச் சென்சரைக் கொழும்பு அளவோடு ஒப்பிட்டுக் கழித்துப்போட வேண்டாம். 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபாஸ்கல்தான், கடல் மட்டத்தில் 101. எஞ்சினை ஓட விடாமல் அளந்தால் இங்கே குறைவாகக் காட்டுவதுதான் சரி.

இதையெல்லாம் பார்த்தும் அகப்படாத, ஒரு நாள் வந்து ஒரு நாள் வராத கோளாறு என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விடுங்கள். என் காரில் அங்கேதான் இருந்தது. பெட்டரியில் 12.5 வோல்ட், ஈஎஃப்ஐ ரிலேயை இழுக்க வருகிற வயரில் 8தான். இடையில் நாலரை வோல்ட் எங்கே போனது என்று ஒவ்வொரு கனெக்டராகப் பின்னோக்கி அளந்து போனால், முன்பு யாரோ போட்ட டர்போ டைமரின் (சாவியை எடுத்த பிறகும் டர்போ ஆற எஞ்சினைச் சற்று ஓட விடும் பெட்டி) கனெக்டர் பழுப்பு நிறத்தில் உருகிக் கிடக்கிறது. இந்த டைமர்கள் இக்னிஷன் சுவிட்சுக்கும் காரின் வயரிங்குக்கும் நடுவில் செருகப்படுபவை, சுவிட்ச் வழியாகப் போகும் கரண்ட் முழுதும் அந்த மெல்லிய பின்களைக் கடந்துதான் போக வேண்டும். வெளியில் போட்ட அலாரமும் அப்படித்தான், ஸ்டார்ட்டர் வயரை வெட்டி டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். டிக்கோயாவில் ஒரு நண்பன் காரில், "மச்சான், மூன்று மெக்கானிக் பாஸ் பார்த்துட்டாங்க, இனி விற்கிறதுதான்" என்ற நிலையில், அலாரத்தின் கட் ரிலேயைக் கழற்றி வயரை ஒழுங்காக ஈயம் வைத்து ஒட்டியதோடு கார் சரியானது.

டைமரைக் கழற்றிவிட்டு கம்பனிக் கனெக்டரை நேராக மாட்டினேன், ரிலேக்கு 12.3 வந்தது. டர்போவை ஆற விட டைமர் தேவையில்லை. கினிகத்தேனையிலிருந்து ஏறி வந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை பூஸ்ட் ஏறாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்திய இடத்தில் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும்.